இரண்டு மாத மிச்சம்

ஜீவானந்தம் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். வாசலில் கிடந்த சில்வர் ஓக் சருகுகளைக் கூட்டித் தள்ளினான். மூன்று அறைகளுக்கும் கீசரைப் போட்டுவிட்டுத் தனக்குக் காப்பி கலந்து, நின்றபடியே குடித்தான். மனைவி மேனகா இறந்து பதினொரு மாதம். ஏற்காட்டில் இந்த விடுதியைப் பார்த்துக்கொள்ள வந்து ஒன்பது மாதம்.

ஏழரைக்கு இரண்டாம் அறைக்கு இட்லி கொண்டுபோனான். பிரவீனும் அவன் மனைவி பானுவும் சென்னையிலிருந்து வந்து எட்டு நாளாகிறது. பானுவுக்கு ஆஸ்துமா.

“எட்டு நாளா வீசிங்கே இல்ல பாஸ்,” என்றான் பிரவீன். “இன்ஹேலரை நிறுத்திடலாம்னு இருக்கோம். அந்தக் காசுல மாசம் ஒரு வாட்டி இங்கயே வந்துடலாம்.”

“என் நுரையீரல் இவருக்கு ஒரு எக்ஸெல் ஷீட்டு,” என்றாள் பானு.

“நிறுத்தாதீங்க,” என்றான் ஜீவானந்தம்.

“டாக்டருக்குப் படிச்சீங்களா?”

“பி.காம்.ங்க. இதே கணக்கை நானும் போட்டேன்.”

சேலத்தில் அவனும் மேனகாவும் குடியிருந்தது பைபாஸை ஒட்டி. காலையில் துடைத்த ஜன்னல் மத்தியானத்துக்குள் கறுத்துவிடும். அவன் சம்பளம் பதினெட்டாயிரம். டாக்டர், இன்ஹேலர், நெபுலைசர் மருந்து என்று மாதம் நாலாயிரம் போயிற்று. சனிக்கிழமை பஸ் ஏறி, இதே மலையில் தலைச்சோலையில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டால் இழுப்பு நின்றுவிடும். நன்றாக இருக்கும் நாளிலும் இன்ஹேலரை விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாரம் இரண்டு நாள் மலைக்காற்று போதாதா என்று கேட்டது ஜீவானந்தம்தான். மலையில் பிறந்தவள், உடனே ஒப்புக்கொண்டாள். மருந்தை நிறுத்தியதில், பஸ் காசு போக, இரண்டு மாதத்தில் ஆறாயிரம் மிச்சம்.

ஒரு ஞாயிறு மாலை, திரும்பும்போது, அடிவாரத்தில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. புகையிலேயே அவளுக்கு இழுப்பு ஆரம்பித்தது. ஊருக்குள் நுழைவதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. போய்ச் சேர்ந்தபோது ஒன்றும் மீதமில்லை.

இதில் பாதியைத்தான் அவன் வாய்விட்டுச் சொன்னான். அதுவே போதுமாயிருந்தது. பானு எழுந்து உள்ளே போனாள். இன்ஹேலரோடு வந்து, இரண்டு முறை இழுத்து, வாய் கொப்பளித்துத் துப்பினாள். பிரவீன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா?” என்று கேட்டாள் பானு.

மாமியார் இதையே கேட்டபோது, ‘அம்மா’ன்னு கூப்பிட்டா என்று சொல்லிவைத்தான். அந்த அம்மாளும் அதையே ஊரெல்லாம் சொல்லி அழுகிறாள். இவளிடம் அப்படிச் சொல்ல வரவில்லை.

“வழியிலயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருந்துச்சுங்க. இறங்கிரலாம்னு எந்திரிச்சேன். சட்டையப் புடிச்சு உக்கார வெச்சுட்டா.”

“என்ன சொன்னாங்க?”

“‘இங்க வேண்டாமுங்க, நொம்ப காசு கேப்பாங்க.’”