பின்னறை அலமாரிக்கு இரண்டு விலை

சமையலறைக்குப் புது அலமாரிகள் போட ஷோரூமில் விலை படிந்துவிட்டது. அதில் கணவனுக்கும் மனைவிக்கும் வாக்குவாதமே வரவில்லை. ஒன்றரை வருடமாகப் பாத்திரங்கள் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. ஒரு கரண்டி எடுக்க இரண்டு பெட்டிகளைக் கவிழ்க்க வேண்டியிருந்தது. சுவரில் அலமாரிகள் இருந்த இடமெல்லாம் சுத்தியல் குத்திய குழிகள்.

அலமாரிகளைப் பிடுங்கிப் போட்டது கணவனின் அண்ணன். பலகைக்குப் பின்னால் நாலு பேர் உட்கார்ந்து தன்னைப் பற்றியே பேசுவதாக ஒரு மத்தியானம் அவருக்குக் கேட்டுவிட்டது. தம்பி, லிஃப்ட் மெக்கானிக், ஊரின் மறுகோடியில் ஏதோ ஒரு கட்டடத்தின் இடுக்கில் தொங்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் அலமாரியாக விழுவதைக் கேட்டாள். எல்லாம் விழுந்து முடிந்த பிறகு குளியலறைக் கதவு தட்டப்பட்டது. "உள்ள உன்கூட யார் பேசறா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். அலமாரி விழுந்த சத்தத்தை அவள் மறந்துவிட்டாள். அந்த மெதுவான குரலை மறக்கவில்லை.

அண்ணன் இப்போது மனநல விடுதியில் இருந்தார். எட்டு மாதமாக நன்றாக இருக்கிறார், அடுத்த மாதம் வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "தனியா ஒரு ரூம், ஒரு கட்டில், நேரத்துக்கு மாத்திரை. இது இருந்தா போதும்." மெக்கானிக் தலையை ஆட்டிவிட்டு வந்தான். தலையை ஆட்டுவதற்குச் செலவு கிடையாதே.

தனி ரூம் என்றால் வீட்டில் அந்தப் பின்னறைதான். எட்டடி நீளம், ஐந்தடி அகலம். அண்ணனின் இரும்புக் கட்டில் இன்னும் அங்கேதான் கிடந்தது. ஆள் நெட்டை, கட்டிலும் ஆறேகால் அடி. அந்த அறையின் குறுக்குச்சுவர் முழுவதையும் மறைத்து ஒரு துணி அலமாரி வேண்டும் என்று மனைவி கேட்டாள். ஷோரூம்காரர்கள் செய்யும் அலமாரிகளுக்கு இரண்டடி ஆழம். அதை வைத்தால் மிச்சம் ஆறடி. கட்டில் நுழையாது. ஆறு அங்குலம் குறைத்து ஒன்றரை அடி ஆழத்தில் செய்தால் ஆறரை அடி கிடைக்கும். கட்டில் தாராளமாக நிற்கும்.

அளவெடுத்துச் செய்துதரும் மரப்பட்டறைக்காரரை அதற்காகத்தான் கூப்பிட்டார்கள். அப்படித்தான் இரண்டு பேரும் வெளியே சொல்லிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார் பட்டறைக்காரர். இரண்டு காதிலும் பென்சில். ஒன்று கணக்குப் போட, இன்னொன்று காணாமல்போக என்று அவரே சொல்லிச் சிரித்தார். அளந்தார், குனிந்தார், மறுபடி அளந்தார். பிறகு எஸ்டிமேட்டை நீட்டினார்.

"எழுபத்தொரு ஆயிரமா?" என்றாள் மனைவி. "ஷோரூம்ல பெரிய அலமாரியே நாப்பத்தி நாலுதான். மரம் கொறச்சல், காசு அதிகமா? நல்ல கதையா இருக்கே."

"அக்கா, ரெண்டடி ஆழம்னா மெஷின் பாட்டுக்கு வெட்டித் தள்ளிடும். ஒன்றரை அடிக்கு நான் ஒவ்வொண்ணா வெட்டணும். கட்டில் முன்னாடி நிக்கிறதால கதவு வெளிய திறக்க முடியாது, ஸ்லைடிங் போடணும். ஹேங்கர் குறுக்கால நிக்காது, முன்னால இழுக்கற கம்பி வேணும். எல்லாமே தனி வேலை."

"அப்ப எங்களுக்குக் கட்டுப்படியாகாதுங்க" என்றான் மெக்கானிக்.

அதைச் சொன்ன வேகம் அவனுக்கே கேட்டது. ஒரு வாரமாக நாக்கில் உருட்டி வைத்திருந்த வாக்கியம். டாக்டரிடம் இதைச் சொல்லலாம், சொந்தக்காரர்களிடம் சொல்லலாம், அண்ணனிடமும் சொல்லலாம். யார் மேலும் குற்றம் இல்லை, விலைதான் அப்படி. மனைவியைப் பார்த்தான். அவளும் அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பிள்ளை பாஸாகிவிட்ட மாதிரி.

"ஷோரூம் பேப்பரக் காட்டுங்க" என்றார் பட்டறைக்காரர்.

காட்டியிருக்கக் கூடாது. அவர் ஒரு பென்சிலை உருவி வரிவரியாக இறங்கினார்.

"கைப்பிடி இதுல இல்ல. வண்டிக்கூலி இல்ல. மாட்டற கூலி இல்ல. மேல்மூடி 'தேவைப்பட்டால்'னு போட்டிருக்கான். மேல்மூடி தேவைப்படாத அலமாரி எங்கயாவது உண்டா சார்? எல்லாம் சேத்தா அம்பத்தொண்ணு ஆகும். அதுவும் அமுக்கின மரத்தூள் பலகை. ஒரு தடவ தண்ணி பட்டா பிஸ்கட் மாதிரி உப்பிடும்."

"எப்படிப் பாத்தாலும் உங்க விலை இருபது கூட" என்றான் மெக்கானிக்.

பட்டறைக்காரர் தாளை மடித்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். வாடிக்கையாளரை விட மனசில்லாதவனின் பார்வை.

"ஒரு பார்ட்டி ஆர்டர் குடுத்துட்டுப் பாதியில வீட்டையே வித்துட்டுப் போயிட்டான். நல்ல பிளைவுட், ஒன்றரை அடிக்கு வெட்டினது, அப்படியே பட்டறையில நிக்குது. ஸ்லைடிங் தடமும் இருக்கு. இடத்த அடைக்குது சனியன். உங்க சுவருக்கு ரெண்டு பலகை சேத்தாப் போதும். நாப்பத்தாறு குடுங்க. ஷோரூம விட அஞ்சாயிரம் கொறச்சல். சரிதானே அக்கா?"

மனைவி எழுந்தாள். "அடுப்புல ஏதோ..." என்றாள். அடுப்பில் எதுவும் இல்லை. சமையலறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் நின்றுகொண்டாள்.

மெக்கானிக் தனியாக மாட்டிக்கொண்டான். ஸ்லைடிங் கதவு சீக்கிரம் கெட்டுப்போகுமாமே என்றான். அஞ்சு வருஷம் என் பொறுப்பு என்றார் அவர். நிறம் ஒத்துவராது என்றான். நீங்க சொல்ற நிறத்துல மேல ஒட்டித் தர்றேன், அதுக்குத் தனியாக் காசு வேணாம் என்றார். நாள் ஆகுமே என்றான். வெட்டின பலகைக்கு என்ன நாள், புதன்கிழமை கொண்டுவந்து நிறுத்தறேன் என்றார். வயதான பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற தகப்பனைப் போல எல்லாவற்றுக்கும் இறங்கி வந்தார். இறங்க இறங்க மெக்கானிக்குக் கோபம் ஏறியது.

"ஒன்றரை அடி வேணாங்க. ரெண்டடிதான் வேணும்."

"ரெண்டடின்னா கட்டில் நிக்காதே சார்?"

"நிக்க வேணாம்."

"கட்டில் யாருக்கு?"

சமையலறையில் ஒரு பெட்டி நகர்ந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருக்கும் இல்ல" என்றான் மெக்கானிக். "ஷோரூம்லயே சொல்லிடறோம்."

பட்டறைக்காரர் பென்சிலைக் காதில் செருகினார். "அஞ்சாயிரம் கூடக் குடுத்து மட்டமான பலகை வாங்கறீங்க. இத்தன வருஷத்துல இப்படி ஒரு கணக்க நான் பாக்கல சார்."

"உங்க கணக்கு சரிதான். கெளம்புங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போகும்போது, வெட்டியாக ஒரு மத்தியானம் போச்சு என்று வாசலிலேயே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் போனார்.

நாலு மணிக்கு விடுதியிலிருந்து அண்ணனின் போன் வந்தது. ஞாயிறு தவறினாலும் அது தவறாது. மெக்கானிக் அதை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னடா, ரூம் வேலை ஆரம்பிச்சாச்சா?"

"இல்லண்ணே. விசாரிச்சோம். உன் கட்டிலுக்கு இடம் விட்டு அலமாரி செய்யணும்னா செலவு ஜாஸ்தியா வருது. கட்டுப்படியாகல."

"எவ்வளவு ஜாஸ்தி?"

மெக்கானிக் இரண்டு தாள்களையும் பார்த்தான். "இருபத்தேழு ஆயிரம்" என்று மத்தியானம் கொஞ்ச நேரம் உண்மையாக இருந்ததைச் சொன்னான்.

அண்ணனுக்குப் பின்னால் யாரோ தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அவ்வளவு காசு ஒரு இரும்புக் கட்டிலுக்காடா? தூக்கிப் போடு அத. பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போடு. நான் தரையில படுத்துக்கறேன்."

இது மெக்கானிக் யோசிக்காத பக்கம். ஆறடி போதாது, ஆறரை அடி இருந்தால் போதும் என்று ஒரு வாரமாகக் கட்டிலை மட்டுமே அளந்துகொண்டிருந்தார்கள்.

"டாக்டர் கட்டில் வேணும்னாரே..." என்றான்.

"டாக்டர் என்ன, என்கூட வந்து படுக்கப்போறாரா? இங்கயும் பாதி நாள் தரையிலதான். காலக் கொஞ்சம் மடக்கிக்கிட்டா ஆச்சு. நீ பெரிய அலமாரியே போடு. பாவம், அவ துணியெல்லாம் எங்கதான் வைப்பா?"

மெக்கானிக் தாளின் மறுபக்கத்தைத் திருப்பினான், அங்கே வேறு ஏதாவது காரணம் அச்சாகியிருக்கும் என்பது போல. ஒன்றும் இல்லை. அப்போது மனைவி வந்து மேசையருகே நின்றாள். போனைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து அதனிடம் பேசினாள்.

"நான்தான் பேசறேன். கட்டில் காரணமில்ல. காசும் காரணமில்ல. நீங்க இந்த வீட்டுல இருந்தா எனக்குத் தூக்கம் வராது. அவர் வேலைக்குப் போனப்புறம் உங்ககூட நான் மட்டும் இருக்கணும். எனக்குப் பயமா இருக்கு. வராதீங்க."

தட்டு கழுவும் சத்தம் நின்றிருந்தது. அல்லது அண்ணன் போனைக் கையால் மூடியிருக்கலாம்.

"சரிம்மா" என்றார் கடைசியில். "அத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? என் தம்பி பாவம், அளவெடுத்துட்டுக் கெடக்கான்." பிறகு, "தம்பி இருக்கானா?" என்றார்.

"இருக்கேன்" என்றான் மெக்கானிக்.

"இருந்துட்டுத்தான் பேசாம நிக்கறியா? சரி. வைக்கறேன்."

அன்றிரவு அவள் சாப்பிட்டாள், அவனும் சாப்பிட்டான். யாரும் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. காலையில் டாக்டருக்குப் போன் செய்து, இடவசதி இல்லை என்று சொன்னான். அப்படியானால் நிரந்தரப் பிரிவுக்கு மாற்றிவிடுகிறோம், அங்கிருந்து திரும்புகிறவர்கள் குறைவு, யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். யோசித்தாகிவிட்டது என்றான். கட்டிலின் திருகுகள் துருவேறி இறுகியிருந்தன. எண்ணெய் விட்டு, ஸ்பானரில் ஏறி நின்று, ஒவ்வொன்றாகக் கழற்றினான். மனைவி மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். பழைய இரும்புக்காரன் அதை எடை போட்டுப் பார்த்துவிட்டு, கட்டிலாக விற்றால் இரண்டு மடங்கு கிடைக்குமே என்றான். வேண்டாம் என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷோரூம் ஆட்கள் பலகைகளோடு வந்தார்கள். பின்னால் விரல் நுழைகிற சந்துகூட இருக்கக் கூடாது என்று மனைவி சொல்லியிருந்ததால், சுவரோடு இறுக்கித் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். வீடு முழுக்க ட்ரில் அலறியது. நாலு மணிக்கு மேசைமேல் போன் ஒளிர்ந்து நடுங்கி நகர்ந்தது. மெக்கானிக் அதில் அண்ணனின் பெயரைப் பார்த்தான். மனைவியும் வாசற்படியிலிருந்து பார்த்தாள்.

துளை போடுகிற ஆள் விசையிலிருந்து விரலை எடுத்தான். "சார், போன் அடிக்குது. பேசிட்டு வர்றீங்களா? நிறுத்தி வைக்கட்டுமா?"

"வேணாம்" என்றான் மெக்கானிக். "நீங்க போடுங்க."