கதவில் எழுதியவன்

அகதி மனுவின் நிராகரிப்புக் கடிதம் இரண்டே பக்கம். சியோமாரா கட்டிலில் உட்கார்ந்து அதை மூன்று முறை படித்தாள். ‘மனுதாரர் தனிப்பட்ட முறையில் தேடப்பட்டார் என்பதற்கு ஆதாரம் இல்லை.’ அந்த வரி வரும்போதெல்லாம் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது.

“ஆதாரம் வேணுமாம் தெல்மா. கதவைப் பேத்து முதுகுல கட்டிக்கிட்டு வந்திருக்கணும்” என்றாள் என்னிடம்.

நாங்கள் இருவரும் நிகராகுவாக்காரிகள். எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுக்கு ஓடிவந்து, அதன் தலைநகர் சான் ஹோசேயில் ஒரே அறையில் இருந்தோம். நான் செருப்புக் கடையில் வேலை பார்த்தேன். அவளுக்குப் படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஊரில் அவள் நர்ஸ். அரசாங்கத்தை எதிர்த்துத் தெருவெல்லாம் கல் அடுக்கி மறித்த அந்த வருடம், சுடப்பட்டு வந்த பிள்ளைகளுக்குத் தையல் போட்டாள். ஒரு நாள் விடியும்போது முகமூடி கட்டிய நாலைந்து பேர் வந்து அவள் வீட்டுக் கதவில் கறுப்பு பெயிண்டில் ‘ஈயம்’ என்று எழுதினார்கள். ஜன்னல் இடுக்கு வழியாக அவள் பார்த்தாள். ஈயம் என்றால் குண்டு. அந்தச் சொல் விழுந்த வீட்டில் மறுநாள் யாரும் இருக்கமாட்டார்கள். அவள் அதைப் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். எல்லையில் ஆற்றைக் கடக்கும்போது போன் தண்ணீரோடு போனது.

மேல்முறையீட்டுக்கு இலவச வக்கீல் ஒருத்தி கிடைத்தாள். காரென் என்று பெயர், இந்த நாட்டுக்காரி. “கண்ணால பாத்த சாட்சி ஒண்ணாவது வேணும். இல்லன்னா போன தடவ சொன்னதையேதான் சொல்லுவாங்க” என்றாள்.

பார்த்தவன் இதே ஊரில்தான் இருந்தான். அவன் பெயர் வில்மோர். ஊரில் சியோமாராவுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவன், அரசுப் பக்கம் முகமூடி கட்டிக்கொண்டு திரிந்தவன். பிறகு தன் ஆட்களோடே முறைத்துக்கொண்டு அவனும் ஓடிவந்து, அவனும் அகதி மனு போட்டிருந்தான். லா மெர்செட் பூங்கா ஓரம் நிறுத்திய கார்களுக்குக் காவல் நிற்பான். அவனைப் பார்த்தால் சியோமாரா எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள். அன்று அவனிடமே நேராகப் போனாள். நானும் கூடப் போனேன்.

“கதவுல எழுதினது நீதான். கோர்ட்டுல வந்து சொல்லு.”

அவன் எங்களைப் பார்க்காமல் ஒரு காருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். “ஆள் மாறி வந்துட்ட.”

“முகமூடிக்கு மேல கண்ணு தெரியும்டா. உங்கம்மாவுக்குத் தினமும் ஊசி போட வந்தவளுக்கு உன் கண்ணு தெரியாதா?”

“எங்கம்மா பேரை எடுக்காத.” இப்போதுதான் திரும்பினான். “நான் அங்க வந்து அதைச் சொன்னா என் மனு என்ன ஆகும்? உன்னை இங்க உக்கார வைக்க நான் ஊருக்குப் போய்ச் சாகணுமா? போடி!”

“பதினாலாம் தேதி, ஒன்பது மணி. நீ வரலன்னா உன் பேரை நானே சொல்லுவேன்.”

இதைக் கேட்ட வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது. “மிரட்டிக் கூட்டிட்டு வர்ற சாட்சி எனக்கு வேண்டாம். இன்னொரு தடவ அவன்கிட்ட போனீங்கன்னா வேற வக்கீலைப் பாத்துக்குங்க.”

பதினாலாம் தேதி அவன் வந்திருந்தான். சாட்சி சொல்ல இல்லை. தன் பெயர் வருகிறதா என்று பார்க்க வந்து, கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு சியோமாராவின் முதுகையே முறைத்துக்கொண்டிருந்தான்.

அரசுத் தரப்பு வக்கீல் வழுக்கைத் தலை, மெல்லிய குரல். “இங்க வர்ற ஒவ்வொரு நிக்காவுக்கும் ஊர்ல ஒரு கதவு இருக்கு, அதுல ஏதோ எழுதியிருக்கு. எழுதிக் குடுத்துப் படிக்க வைக்கிறாங்களா?”

சியோமாராவின் கழுத்து சிவந்தது. எங்கள் நாட்டுக்காரர்களை இங்கே இளக்காரமாகக் கூப்பிடும் பெயர் ‘நிக்கா’.

“நீங்க நர்ஸ். நர்ஸ் எல்லாருக்கும்தானே மருந்து போடணும்? உங்களை எதுக்கு எதிரியா நினைக்கப் போறாங்க?”

“எல்லாருக்கும்தான் போட்டேன்” என்றாள். “ரெண்டு பக்கத்து ஆளுங்களுக்கும்.”

“பொய்!”

பெஞ்சு இழுபடும் சத்தம் கேட்டது. வில்மோர் எழுந்து நின்றிருந்தான். “என் தம்பியத் தூக்கிட்டு வந்தேன். இவ தொடக்கூட இல்ல. வாசல்லயே கிடந்து செத்தான்.”

காவலர் அவனை நோக்கி நடந்தார். நீதிபதி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். வயதான பெண்மணி. “நீங்க யாரு? உங்களுக்கு இவங்களை எப்படித் தெரியும்?”

காரென் தலையைக் கையால் பிடித்துக்கொண்டாள். வில்மோர் கதவைப் பார்த்தான். அப்படியே வெளியே போயிருக்கலாம். தம்பி பேச்சை எடுத்த பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை.

“அதுக்காகத்தான் எழுதினேன். தேடவேண்டிய ஆளுங்க லிஸ்ட்டுல இவ பேரைக் குடுத்ததும் நான்தான். இவ திரும்பி வந்தா இப்பவும் எழுதுவேன்.”

அரசு வக்கீல் தாள்களைப் புரட்ட ஆரம்பித்தார். நீதிபதி, பேசியதை அப்படியே பதியச் சொல்லிவிட்டு சியோமாராவைப் பார்த்தார். “அவர் தம்பி விஷயம் உண்மையா?”

காரென் அவள் கையை அழுத்தினாள். வேண்டாம் என்று அர்த்தம். சியோமாரா கையை விடுவித்துக்கொண்டாள்.

“சலைன் பாட்டில் ஒண்ணுதான் இருந்துச்சு. ஒரு பொண்ணு, வயித்துல குண்டு. அவளுக்குப் போட்டேன். இவன் தம்பி பொழைக்கமாட்டான்னு பாத்ததுமே தெரிஞ்சுது.” வில்மோரைத் திரும்பிப் பார்த்தாள். “தெரிஞ்சுதுன்னு நினைச்சேன்.”

“பாத்தீங்களா!” என்று கத்தினான் வில்மோர். காவலர் அவனை வெளியே கூட்டிப் போனார். சுவருக்கு அப்பாலும் அவன் திட்டுவது கேட்டது.

ஐந்து வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. சியோமாராவின் மேல்முறையீடு ஏற்கப்பட்டது. திரும்பிப் போனால் ஆபத்து என்பதற்கு, ஆபத்தே நேரில் வந்து சாட்சி சொன்னதாகக் காரென் சொன்னாள். சியோமாரா அன்று ஒரு தட்டு பீன்ஸ் சோறு முழுதாகச் சாப்பிட்டாள். அதற்கு முன் எத்தனையோ மாதம் அவள் அரைத் தட்டைத் தாண்டியதில்லை.

அடுத்த மாதம் இன்னொரு கடிதம் வந்தது. வில்மோரின் மனுவை நிராகரிக்க அவளுடைய சாட்சியம் தேவையாம். விசாரணை நாளில் அதே வழுக்கைத் தலைக்காரர், இந்தத் தடவை நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க அம்மா” என்றார்.

“உங்க கதவுல எழுதினது இவர்தானே?”

“ஆமா. இவன்தான்.”

“ஆயுதம் வெச்சிருந்தாரு இல்லையா?”

வில்மோர் எதிரே குனிந்து உட்கார்ந்திருந்தான். ஆயுதம் ஏந்தியவனுக்கு அடைக்கலம் கிடையாது. ஒரு ‘ஆமா’ போதும், அவனை எல்லையில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். ஊரில் அவனுடைய பழைய ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் அந்தச் சொல்லை வாய்வரை கொண்டுவந்தாள் என்று எனக்குத் தோன்றியது.

“இல்ல. பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும்தான்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்களைக் கொல்லப் பாத்தவரு.”

“யோசிச்சுட்டேன். மத்தவனுங்க துப்பாக்கி வெச்சிருந்தானுங்க. இவன் கையில இல்ல. இல்லாததை எப்படிச் சொல்றது?”

அவன் மனுவை அன்று நிராகரிக்கவில்லை. மேலும் விசாரிக்கவேண்டும் என்று தள்ளிவைத்தார்கள். அதுவரை அவனை அனுப்பவும் முடியாது.

மாடிப்படியில் அவன் எங்களை வழிமறித்தான். கண் சிவந்திருந்தது.

“இதுக்காக உன்ன மன்னிச்சிருவேன்னு நினைக்காத.”

“நீ மன்னிக்க வேண்டாம்” என்றாள் சியோமாரா. “நானும் மன்னிக்கல. வழிய விடு, பஸ் போயிரும்.”

அவன் சுவரோடு ஒதுங்கினான். நாங்கள் இறங்கினோம். பஸ்ஸில் அவள் டிக்கெட்டைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். கைக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும் என்று என் பையை அவள் மடியில் வைத்தேன்.