பிரார்த்தனை முடியும்வரை கதவு திறந்திருக்கும்

நகரசபைக் கூட்டம் பிரார்த்தனையோடுதான் தொடங்கும். உறுப்பினர்கள் முறை வைத்துச் சொல்வார்கள். அது முடிந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். பிறகு வருகிறவருக்கு ஓட்டு கிடையாது.

அன்று தையல்காரம்மாவின் முறை. புருஷன் நோயில் போனதிலிருந்து அவளுக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தன் முறை வந்தால், "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று ஒரே வரியில் ஒப்பேற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். இன்று அது நடக்காது. ஊரில் இருந்த ஒரே பிரசவ ஆஸ்பத்திரியை மூடலாமா என்று ஓட்டெடுப்பு. மூடியே தீருவேன் என்று நிற்கிறார் தலைவர். அவள் மகளுக்கோ எட்டாம் மாதம். மூடக்கூடாது என்பவர்களுக்கு ஒரு ஓட்டு கூடுதல்தான். ஆனால் அந்த ஒரு ஓட்டு பேக்கரிக்காரருடையது, மனிதர் இன்னும் வந்து சேரவில்லை. அவர் இல்லாமல் ஓட்டு சமமானால், முடிவு தலைவர் கைக்குப் போய்விடும். ஆடி அசைந்து வருகிற அவருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர் வைத்தவன் நல்ல குசும்புக்காரன்.

எல்லாரும் எழுந்து கண்ணை மூடினார்கள். தையல்காரம்மா மட்டும் கதவையே பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

மழைக்கு வேண்டினாள். சாலைக்கு, சாக்கடைக்கு, தெருவிளக்குக்கு வேண்டினாள். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பிரார்த்தனையை நடுவில் நிறுத்தச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? ஊர் சமாச்சாரம் தீர்ந்ததும் அறையில் இருந்தவர்களைப் பிடித்துக்கொண்டாள். குமாஸ்தாவின் முதுகுவலி, எதிர்வரிசைக்காரரின் மகனுக்கு வேலை என்று இழுத்து, கடைசியில் வேறு வழியில்லாமல் தலைவரிடம் வந்தாள்.

"வெளியூர் ஆஸ்பத்திரில படுத்திருக்கற தலைவர் வீட்டம்மா எழுந்து நடக்கணும், கடவுளே."

கனைப்பு நின்றது. அந்தப் பேச்சை எடுக்கத் தலைவர் இதுவரை யாரையும் விட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து அவசரம் மூச்சிரைக்க உள்ளே வந்து தன் இடத்தில் நின்றார். தையல்காரம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது. இனி ஆஸ்பத்திரியை யாரும் மூட முடியாது. பிரார்த்தனையை முடிக்க வாயெடுத்தாள்.

"நிறுத்திடாதீங்கம்மா" என்றார் தலைவர். அவர் கண்ணைத் திறக்கவில்லை. "அவளுக்காக இன்னும் கொஞ்சம் கேளுங்க. நேத்து டாக்டர் கைய விரிச்சுட்டார். எனக்குக் கேக்க வாய் வரல."

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. இத்தனை நேரம் தான் பொழுதை ஓட்டிக்கொண்டிருக்க, இந்த மனிதர் ஒவ்வொரு சொல்லையும் நம்பிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

கதவிலிருந்து பார்வையை எடுத்துக் கண்களை மூடினாள். புருஷனுக்காகக் கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் போனதை, இன்னொருத்திக்காக மறுபடியும் கேட்க ஆரம்பித்தாள்.