நடராஜின் முன்கை

அனுராதா பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் கற்பித்தாள். உவரிக் கடற்கரை மணலில் அவள் கண்டெடுத்த பாக்டீரியா, ஆய்வகத் தட்டில் ஆரஞ்சுப் புள்ளிகளாக வளர்ந்தது. அதிலிருந்து எடுத்த சத்தைக் கலந்தபோது எண்ணெயில் காறல் வாடை வர நாளானது. எலிகளின் தோலில் ஒவ்வாமைத் தடிப்பும் குறைந்தது. தோலுக்குப் பூசும் களிம்பாக்கலாம் என்று நம்பினாள். தன் கையில் பூசிப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை.

அவள் கணவன் நடராஜுக்கு இறால், தலைச்சாயம், புதுத்துணி என்று எது பட்டாலும் உடம்பு தடித்துப்போகும்.

“என் கையில போட்டுப் பாரு. எனக்கு ஒத்துக்கிட்டா ஊருக்கே ஒத்துக்கும்,” என்றான்.

“வேண்டாம். ஏதாவது ஆயிட்டுன்னா?”

“சொறிஞ்சுக்கிட்டே ஆபீசுக்குப் போவேன். எனக்கென்ன புதுசா?”

தோல் மருத்துவர் ஞானையாவிடம் கேட்டார்கள். அவரும் சம்மதித்த பிறகுதான் நடராஜின் முன்கையில் ஒரு சொட்டு வைத்து, பஞ்சால் மூடி, பிளாஸ்திரி ஒட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவன் சட்டைக் கையை மடக்கிக் காட்டினான். பிளாஸ்திரியைச் சுற்றிச் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது.

“காலையிலேயே அரிச்சுது. நீ பயந்துருவேன்னுதான் சொல்லல.”

அனுராதா உடனே அவனை ஞானையாவிடம் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வருடக்கணக்கான ஆராய்ச்சி போனது பெரிதாகத் தெரியவில்லை. “மூச்சு முட்டுதா? நெஞ்சு அடைக்குதா?” என்று ஆட்டோவில் போகும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

“ஒண்ணுமில்லட்டி. நீ மொதல்ல மூச்சு விடு.”

ஞானையா பிளாஸ்திரியைப் பையப் பைய உரித்தார். பஞ்சை எடுத்தவர் விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார்.

“டீச்சர், இங்கன வாங்க. மருந்து பட்ட எடம் சுத்தமா இருக்கு, பாத்தியளா?”

குனிந்து பார்த்தாள். நடுவில் பஞ்சு இருந்த இடத்தில் தோல் எப்போதும் போலவே இருந்தது. பிளாஸ்திரி ஒட்டியிருந்த ஓரங்கள் மட்டும்தான் தடித்திருந்தன.

“ஒட்டுத பசைதான் இவருக்குச் சேரல,” என்றார் ஞானையா. “இன்னொரு கையில வெறும் பிளாஸ்திரிய ஒட்டிப் பாருங்க, தெரிஞ்சிரும்.”

வெளியே வந்ததும் அனுராதா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“ஏட்டி, எந்திரி. எல்லாரும் பாக்காவ,” என்றான் நடராஜ். ஆனால் அவனும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

அடுத்த நாள் வெறும் பிளாஸ்திரி ஒட்டிய மற்றக் கையும் சிவந்து வீங்கியது. அனுராதா கைதட்டினாள். வீக்கம் வடிந்த பிறகு மெல்லிய துணியால் கட்டி மருந்தை மறுபடி வைத்துப் பார்த்தார்கள், அரிப்பே இல்லை. புருஷன் கை வீங்கியதைப் பார்த்துக் கைதட்டிய பெண்டாட்டி இவள் ஒருத்திதான் என்று நடராஜ் வெகுநாள் சொல்லித் திரிந்தான்.