குளத்தடியில் முதலாளி

முக்குளிப்புப் பள்ளியின் முதலாளி மூன்று வருடமாகப் பயிற்சிக் குளத்தின் அடியில் குடியிருக்கிறார். தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால் மூட்டுக்கு மூட்டு வலி பிடுங்கும் என்பதால் தூங்குவதும் சவரம் செய்துகொள்வதும் அங்கேதான். அவருக்குக் காற்று சிலிண்டர் நிரப்பிக் கொடுப்பவள், அவரால் செத்துப்போன பயிற்சியாளனின் மனைவி. பள்ளியில் அவள் வேலையே அதுதான்.

ஒவ்வொரு முறை ஆழத்திலிருந்து ஏறி வந்ததும் அவள் புருஷன் வயிற்றில் சிவப்புத் திட்டுகள் படரும். ரப்பர் உடை இறுக்கம் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஒரு சைஸ் பெரிதாக வாங்கிக் கொடுத்தாள். கடைசி நாளில் அவன் விதிப்படி நின்று நின்று நிதானமாகத்தான் ஏறி வந்தான். வந்தும் படகில் பேச்சு குழறி விழுந்தான், மறுநாள் போய்ச் சேர்ந்தான்.

இதய டாக்டர் அவளை உட்கார வைத்துச் சொன்னார். "பிறவியிலேயே இதயத்துல சின்ன ஓட்டைம்மா. நிறைய பேருக்கு இருக்கு, தரையில இருக்கிறவரை ஒண்ணும் பண்ணாது. ஆழத்துலருந்து ஏறும்போது ரத்தத்துல வர்ற குமிழை நுரையீரல் வடிகட்டிடும். இவருக்கு அது ஓட்டை வழியா மூளைக்கே போயிடுச்சு. ஆழத்துக்கு அனுப்பாதீங்கன்னு போன மாசம் பள்ளி செக்கப்புலயே உங்க முதலாளிகிட்ட சொன்னேனே?"

சீசன் நேரம், ஆள் பற்றாக்குறை. முதலாளி அதை மறைத்து அவனை ஆழத்துக்கு அனுப்பியிருந்தார்.

"தெரிஞ்சுதான் அனுப்பினேன்னு எல்லார் முன்னாடியும் ஒரு தடவை சொல்லுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்" என்று போய் நின்றாள்.

"டாக்டர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலைம்மா" என்றார் அவர், கூசாமல்.

அன்று மாலையே மூட்டு வலியில் அவரால் மாடி அறைக்கு ஏற முடியவில்லை. அறையைக் கீழே மாற்றினார். விசாரிக்க வந்த அதிகாரியிடமும் அதே பொய்யைச் சொன்னதும் தரைத்தளமும் ஆகாமல் போய், கார் நிறுத்தும் நிலவறைக்கு மேசையை இறக்கினார்கள். செத்தவனின் அம்மாவிடம் சத்தியமே செய்தார். அதோடு குளத்தடிதான் கதி என்றானது.

ஒரு நாள் சிலிண்டரை இறக்காமல் விட்டால் ஆள் காலி. அவ்வளவு சுலபமாக விட அவளுக்கு மனசில்லை.

போன மழைக்காலத்தில் முதலாளி தன் பிடிவாதத்திலிருந்து இறங்கி வந்தார். மாணவர்கள் எல்லோரையும் சைகையால் கூப்பிட்டு, வாயிலிருந்த குழாயைக் கழற்றி, தெரிந்தே அனுப்பியதை ஒன்று விடாமல் சொன்னார். சொன்னதெல்லாம் குமிழ்களாக மேலே வந்து உடைந்தது. அவர் உதடு அசைந்ததை அவள் எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டாள்.

"கேக்கலையே முதலாளி" என்று சொல்லி அடுத்த சிலிண்டரை இறக்கினாள்.

இப்போதெல்லாம் அவர் தினமும் சொல்கிறார். அவளும் தினமும் குனிந்து காது கொடுக்கிறாள். மாணவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு நீந்துகிறார்கள்.