வயர்லெஸ்ஸில் வந்த பாட்டுகள்

என் தங்கச்சி லிஜாவுக்கு மாப்பிள்ளை பார்த்தவள் நான். அதனால் மாப்பிள்ளை வாய் திறக்காத பழியும் என் தலையில்தான் விழுந்தது.

மாப்பிள்ளை ஜஸ்டஸ், என் வீட்டுக்காரர் கபிரியேல் ஓட்டும் விசைப்படகில் வேலை பார்க்கிறவன். குடி கிடையாது, சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது. பெண் பார்க்க வந்த அன்று அரை மணி நேரத்தில் அவன் வாயிலிருந்து விழுந்தது மூன்று "ம்", ஒரு "சரி". லிஜாவோ கருங்கல் ஊரில் பள்ளிக்கூட டீச்சர், தூக்கத்திலும் பேசுகிறவள்.

அது 2011. முழுக்க முழுக்கப் பாட்டாலேயே கதை சொல்லும் படம் ஒன்று வந்து ஓடு ஓடென்று ஓடியது. மொத்தம் பன்னிரண்டு பாட்டு. லிஜாவுக்கு அதில் பைத்தியம். அந்தப் பாட்டு சிடியை வாங்கி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்பினாள். எந்தப் பாட்டு பிடித்தது, ஏன் பிடித்தது என்று ஜஸ்டஸ் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கே பரீட்சை வைக்கிற டீச்சர் புத்தியை என்னவென்று சொல்ல!

பத்து நாள் கடலில் தங்கிவிட்டுப் படகு வந்தது. பதிலும் வந்தது: "எல்லாம் நல்லாருக்கு."

"எல்லாம் நல்லாருக்குன்னா ஒண்ணையும் கேக்கல்லன்னு அர்த்தம்" என்றாள் லிஜா. படகு மறுபடியும் கடலுக்குப் போய்விட்டது.

அதற்குள் கோவிலில் கல்யாண ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் கத்தோலிக்கக் கோவில்களில் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை வைக்கும் சாமியார் பெண் மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஊரைக் கேட்பார். இரண்டு ஓலை முடிந்தது. மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் மத்தியானம் லிஜா இனயம் ஊரிலிருக்கும் என் வீட்டுக்குள் விறுவிறுவென்று நுழைந்தாள். விரித்த குடையை மடக்கக்கூட இல்லை.

"எக்கா, நான் சாமியாரப் பாக்கப் போறேன். நாளைக்கு ஓலை வாசிக்க வேண்டாம்னு சொல்லப் போறேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "ஏட்டி, ரெண்டு ஓலை வாசிச்ச பொறவு நிறுத்தினா ஊரு என்ன பேசும்? நல்ல பையன்டி அவன்."

"நல்ல பையன்தான். யாரு இல்லன்னா? ஆயுசு முழுக்க நானே கேள்வி கேட்டு நானே பதிலும் சொல்லவா?"

 அந்த நேரம் பார்த்து அலமாரி மேலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. படகு கரையை நெருங்கும்போது என் வீட்டுக்காரர் அதில்தான் கூப்பிடுவார். அவர் குரலை எதிர்பார்த்தேன். வந்ததோ பாட்டு. அந்தப் படத்தின் முதல் பாட்டு.

நடந்தது என்னவென்று பிறகுதான் தெரிந்தது. படகு ஆட்டத்தில் சிடி பிளேயர் சரியாமலிருக்க ஏதாவது முட்டுக் கொடுக்க வேண்டுமே. என் வீட்டுக்காரர் கைக்குக் கிடைத்த வயர்லெஸ் மைக்கையே செருகிவிட்டார். மகா புத்திசாலி! மைக்கின் பித்தான் அமுங்கிவிட்டது. ஒருத்தர் பித்தானை அமுக்கியிருந்தால் மற்றவர்கள் கேட்கத்தான் முடியும், பேச முடியாது. ஆக, அந்தக் கடற்கரை முழுக்க வேறு வழியில்லாமல் பாட்டு கேட்டது.

இரண்டாம் பாட்டில் கூடவே ஒரு குரல் சேர்ந்தது. ஜஸ்டஸ்! பெண் குரல் வரும் இடத்தையெல்லாம் கீச்சுக் குரலில் அவன் பாடினான். ஆண் குரல் வந்தால் மரியாதையாக நிறுத்திக்கொண்டான்.

"அண்ணே, இந்த இடத்தக் கேளுங்க" என்றான் நடுவில். "அவன் மூணு தடவ கூப்பிடுகான், அவ திரும்பல்ல. பொறவு கொட்டு மட்டும் தனியா வருது பாத்தியளா? அப்பதான் அவ திரும்புகா. படம் பாக்காமலே எனக்குத் தெரிஞ்சுது."

லிஜா குடையை மடக்கினாள்.

பாட்டுக்குப் பாட்டு அவன் பேசினான். எந்த இடத்தில் புல்லாங்குழல் அழுகிறது, எந்தப் பாட்டில் சண்டை போட்டுக்கொண்டே சமாதானம் ஆகிறார்கள், எல்லாம் சொன்னான். அரை மணி நேரம் வாய் ஓயவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"ஏலே, இம்புட்டு பேசுகியே! இத அவகிட்ட சொன்னா என்ன?"

"அவ டீச்சர், அண்ணே. நான் எட்டாங் கிளாசோட நிறுத்தினவன். நான் ஒரு பாட்ட சொல்லி, அது மட்டமான பாட்டுன்னு அவ நினைச்சா? வாயத் திறந்தா கல்யாணம் நின்னு போயிருமோன்னு பயமா இருக்கு. எனக்கு அவள அவ்வளவு பிடிச்சிருக்கு."

 லிஜாவின் கண் நிறைந்துவிட்டது. "கேட்டியா?" என்றேன்.

"மிண்டாம இரி எக்கா, அவன் பேசட்டும்."

"சரி, உனக்கு எதுடே பிடிச்சுது?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"எட்டாவது."

"அய்யே, அந்தப் பாட்டா?" என்று லிஜா கத்தினாள். "நான் எப்பவும் தள்ளிவிட்டுருவேன்!"

எட்டாம் பாட்டு தொடங்கி, சட்டென்று நின்றது. யாரோ பிளேயரை நகர்த்தியிருக்க வேண்டும். அடைபட்டுக் கிடந்த குரல்களெல்லாம் ஒன்றாகப் பாய்ந்தன. "கபிரியேலே, அறிவிருக்கா ஓய்?" என்று ஒருவர். "ஜஸ்டஸே, அந்தக் கீச்சுக் குரல்ல இன்னொருக்கா பாடு மக்கா!" என்று இன்னொருவர். "பொண்ணு கேட்டாளா?" என்று மண்டைக்காட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் குரல்.

லிஜா மைக்கை எடுத்தாள். "கேட்டேன். எட்டாவது பாட்டு சரியில்ல."

 தொலைந்தது, இனி இந்தப் பையன் ஜென்மத்துக்கும் வாய் திறக்க மாட்டான் என்று நினைத்தேன். பாவி, அவளை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

வயர்லெஸ் கரகரத்தது. "இல்ல" என்றான் ஜஸ்டஸ். குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. "அது நல்ல பாட்டு. நீ முழுசா கேக்கல்ல. கடைசிச் சரணம் வரைக்கும் கேட்டுட்டு பொறவு சொல்லு."

கடலும் கரையும் சேர்ந்து சிரித்தன. லிஜா மைக்கை வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சாமியாரப் பாக்கப் போகல்லியா?" என்று கேட்டேன்.

அவள் கைப்பேசியில் எட்டாம் பாட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். "சும்மா இரி எக்கா. படகு வாறதுக்குள்ள நான் இத முழுசா கேட்டு முடிக்கணும்."