ஒற்றைக் கட்டில்

மூன்று டம்ளர் காபியிலும் ஆடை படிந்துவிட்டது. சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி சின்னபொண்ணு என்னைப் பார்க்கவில்லை, டம்ளர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தம் பேச வருகிறவர்கள், இரண்டு பக்கமும் சரி என்று ஆகும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. தண்ணீர்கூடத் தொடாமல் எழுந்து போனால் இடம் அமையவில்லை என்று அர்த்தம். என் மகள் செல்வகுமாரிக்கு இதற்கு முன் வந்த இரண்டு இடமும் அப்படித்தான் எழுந்து போயின. பாகூரில் எங்கள் தெருவுக்குள் ஒரு வெளியூர்க் கார் வந்தால், அது கிளம்புவதற்குள் உள்ளே யார் என்ன குடித்தார்கள் என்பது ஏரிக்கரை வரைக்கும் தெரிந்துவிடும். மூன்றாவதும் அப்படிப் போனால் நான்காவது ஆள் காரில் ஏறுவதற்கு முன்பே யோசிப்பான்.

வில்லியனூரிலிருந்து வந்திருந்தார்கள். பையன் புகழேந்தி சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பன் போய்விட்டதால், தாயார் ராமாயி அவனைத் தூக்கிக்கொண்டு அண்ணன் சுப்புராயன் வீட்டுக்கு வந்தவர், இன்றுவரை அங்கேயேதான். அதனால் தாய்மாமன் நடு நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். ராமாயி அம்மாள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அதன் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஜாதகம், நகை, மண்டபம் எல்லாம் பேசி முடித்தாயிற்று. சுப்புராயன் கையை நீட்டி டம்ளரை எடுக்க வேண்டியதுதான் பாக்கி. அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல ஒரு கேம் ஆடும். அதுல இது கெடைச்சிதாம். பேரு பாருங்க, உங்க பொண்ணு பேருதான?"

ஒரு சின்ன அறை. கட்டிலில் மேல்சட்டை இல்லாத ஒரு வெள்ளைக்காரன் கால் மேல் கால் போட்டுப் படுத்திருந்தான். பொம்மைதான், ஆனால் ஆள் மாதிரியே பொம்மை. எனக்கு அவனைப் பார்த்து வந்த அதிர்ச்சியைவிட அவன் படுத்திருந்த இடத்தைப் பார்த்து வந்த அதிர்ச்சி பெரிது. நாட்டு ஓடு. இரண்டு பாதியாகத் திறக்கிற பச்சைக் கதவு. சுவரில் விளக்கு மாடம். கதவுக்கு மேலே என் அப்பா வேதாசலத்தின் பெயரில் முதல் எழுத்தும், அவர் கட்டிய வருஷமும். கரும்புக் கொல்லையில் இருக்கிற எங்கள் மோட்டார் கொட்டகை. அதில் எவனோ படுத்துக் கிடக்கிறான்.

"இவன் யாரு அண்ணே?" என்றார் சுப்புராயன். குரலில் சிரிப்பு இருந்தது. கண்ணில் இல்லை.

நான் மகளைக் கூப்பிட்டேன்.

செல்வகுமாரி பட்டுப் புடவையோடு வந்து நின்றாள். தவளக்குப்பத்தில் ஒரு கட்டடக் காண்டிராக்டர் ஆபீசில் ஊராருடைய வீடுகளுக்கெல்லாம் பிளான் வரைகிறவள். போனைப் பார்த்ததும் அவள் முகத்தில் முதலில் வந்தது பயம் இல்லை. தெரிந்தவர்களை வழியில் பார்த்தது போல ஒரு மலர்ச்சி. உடனே அதை மறைத்துக்கொண்டாள். நான் அதைக் கவனித்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"அது வெறும் கேம்பா. வூடு கட்டி, ஆளுங்கள குடி வெச்சி, சமைக்க வெச்சி, வேலைக்கு அனுப்பலாம். நம்ம கட்டுன வூட்ட எல்லாருக்கும் போட்டு வுட்டா, யாரு வேணா எடுத்து அவங்க ஆளுங்கள குடி வெச்சிக்கலாம். இது எவனோ பிரேசில்காரன் வெச்சிருக்கிற ஆளு. எனக்கு அவன தெரியாது."

"பொட்டிக்குள்ள வூடு கட்டி வாடகைக்கு வுட்டிருக்கியாமா?" என்றார் சுப்புராயன்.

"வாடகைலாம் இல்லைங்க. சும்மாதான்."

புகழேந்தி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். தாய்மாமன் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"சரிம்மா. கேம்தான். நானும் நாலு எடம் போயி வந்தவன், புரியாம இல்ல. கீழ இன்னா எழுதியிருக்க? நீயே படி."

அவள் படிக்கவில்லை. சுப்புராயனே படித்தார். "எனக்கு மட்டும் ஒரு வீடு." போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "ஒரு கட்டிலு, ஒரு நாற்காலி, ஒரு தட்டு. கல்யாணம் பேசற பொண்ணு கட்டுற வூடா அண்ணே இது? எங்க பையன் எங்க படுப்பான்? பார்க்கறவன் இன்னா நெனைப்பான்? அதுவும் தெக்கு பாத்த வாசலு."

அந்தக் கடைசிச் சொல்தான் என்னைப் பேச வைத்தது. "தெக்குப் பக்கம்தான் வாய்க்கால் இருக்குது. தண்ணி விழறது உள்ள இருந்தே தெரியணும்னு எங்கப்பா வெச்ச வாசல் அது. மோட்டாருக்கு ஏதுங்க வாஸ்து?" என்றேன். நான் சொன்னது எனக்கே அபத்தமாகப் பட்டது. மகளைத் திட்ட வேண்டிய நேரத்தில் கதவுக்குப் பரிந்து பேசிக்கொண்டிருக்கிறேன். சின்னபொண்ணு வாசலிலிருந்து மெதுவாக, "இன்னாங்க..." என்றாள். அவள் கண் டம்ளர்களைக் காட்டியது.

சுப்புராயன் பெரிய மனதோடு கையை விரித்தார். "கோவப்படாதீங்க. சின்னப் புள்ள, தெரியாம செஞ்சிடுச்சி. பொட்டிய எடுத்தாரச் சொல்லுங்க. எங்க எதிர்லயே இன்னொரு கட்டில் போடட்டும், கீழ எழுதுனத மாத்தட்டும். எல்லாரும் பாக்கட்டும். அப்பால காபிய குடிச்சிட்டு நாள் குறிச்சிடலாம்."

"மாமா, வுடுங்க மாமா" என்றான் புகழேந்தி.

"நீ செத்த சும்மா இர்றா."

நான் மகளைப் பார்த்து, "எடுத்தா" என்றேன். வேறென்ன சொல்வது? ஒரு பொம்மைக் கட்டில். அதைப் போட்டுவிட்டால் எங்கள் தெருவில் நான் தலை நிமிர்ந்து நடக்கலாம்.

லேப்டாப்பைக் கொண்டுவந்து காபித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தாள். கூரை இல்லாமல் மேலிருந்து பார்க்கிற மாதிரி கொட்டகை தெரிந்தது. தரையில் கட்டம் கட்டமாகக் கோடு. ஜன்னலோரம் மேசை. அந்த மேசையும் எனக்குத் தெரியும். 'தானே' புயலில் விழுந்த எங்கள் வேம்பை அறுத்து நான் செய்து போட்டது. டிப்ளமோ படித்தபோது, வீட்டில் சத்தம் என்று அங்கே போய் அதில்தான் வரைவாள். வெட்டுக் கத்தி சாய்த்து வைக்கிற மூலையைக்கூட விடாமல் கட்டியிருந்தாள். செங்கல்லுக்குச் செங்கல் சரியாக இருந்தது. இப்படி உட்கார்ந்து கட்டியிருக்கிறாள், அதே வீட்டில் இருந்த எனக்குத் தெரியாது.

ஒரு கட்டிலை இழுத்துக்கொண்டு வந்தாள். சுவரோரம் கொண்டுபோனாள். கட்டில் சிவப்பாக மாறியது. மறுபக்கம் கொண்டுபோனாள், அங்கேயும் சிவப்பு. கதவருகில் வைத்தால் கதவு திறக்காது, அங்கேயும் சிவப்பு. அறைக்கு நடுவே அந்தரத்தில் சிவப்புக் கட்டில் தொங்கிக்கொண்டு நின்றது.

"எடம் பத்தல. வெக்க வுடாது" என்றாள்.

"அந்த மேசைய தூக்கிட்டா?" என்றார் சுப்புராயன்.

அவள் கை நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் எழுந்து அறைந்திருப்பேன்; அந்த நேரத்தில் அதுதான் சுலபமாக இருந்திருக்கும். அளவு எடுக்கிறவளைப் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே எதிர் வீட்டுக்காரி வாசல் தெளிக்கிற சாக்கில் இரண்டாவது வாளியோடு நின்றாள். புகழேந்தி தன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தான்.

"எடும்மா, ஒரு மேசைதான" என்று சுப்புராயன் கையை நீட்டித் திரையைத் தொட்டுக் காட்டினார். அவர் விரல் மேசைமேல் இருந்தது. வேம்பு மேசைமேல்.

"எடுக்க வேணாம்" என்றேன்.

அன்றைக்கு நான் மகளுக்காகப் பேசினேன் என்று சின்னபொண்ணு இப்போதும் சொல்கிறாள். அது சரியில்லை. என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, என் அப்பன் கட்டிய சுவருக்குள்ளிருந்து இதைத் தூக்கு, அதைத் தூக்கு என்று ஒருவர் சொல்கிறார். நான் அதற்குத்தான் பதில் சொன்னேன்.

"எங்க வூட்டு சாமான வெளிய எடுத்து வெக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லைங்க. கட்டில் வேணும்னா நீங்க எடுத்தாந்து வெளிய போடுங்க. வாய்க்கா காத்து நல்லாத்தான் வரும்."

சுப்புராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "கவுரவமான ஆளுன்னு சொன்னாங்க. பொம்மை வூட்டுக்கு சண்டைக்கு நிக்கறீங்க. நல்லா இருங்க." செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். புகழேந்தி எழுந்து, எனக்குக் கும்பிடு போட்டான். செல்வகுமாரியிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மாமன் வெளியிலிருந்து அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் போய்விட்டான். தெருவில் வாளி கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தபடியே இருந்தேன். வழியனுப்ப எழவில்லை.

ராமாயி அம்மாள் இன்னும் எழுந்திருக்கவில்லை. வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர், நாற்காலியைச் சுவரிலிருந்து இழுத்து லேப்டாப் பக்கம் போட்டுக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"பாப்பா, கதவ உள்ள இருந்து தாப்பா போட முடியுமா?"

செல்வகுமாரி கொஞ்சம் திகைத்தாள். "போடலாம் அத்தை. யாரும் தொறக்க முடியாம பண்ணலாம்."

"யாருமா?"

"நாம தொறந்தாத்தான்."

"பண்ணு, பாக்கலாம்."

அவள் எதையோ அழுத்தினாள். கூரை வந்து மூடிக்கொண்டது. கரும்புத் தோகை அசைந்தது. திரைக்குள் பொழுது ஓட ஆரம்பித்து, கண்ணெதிரிலேயே சாய்ந்தது. பச்சைக் கதவின் இரண்டு பாதியும் சாத்திக்கொண்டன. உள்ளே யாரையும் குடி வைக்கவில்லை. ஆனாலும் ஜன்னலோரம் மேசை விளக்கு தானாக எரிந்தது. அந்த மஞ்சள் வெளிச்சம் வாய்க்கால் தண்ணீரில் விழுந்து நெளிந்தது.

தெருவில் கார் ஹாரன் அடித்தது. சின்னபொண்ணு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் ஹாரன், இந்த முறை கையை எடுக்காமல் நீளமாக. ராமாயி அம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் வலது கை மட்டும் தட்டின் பக்கம் வந்து, ஆறிப்போன டம்ளரின் விளிம்பில் படிந்திருந்த ஆடையை ஆள்காட்டி விரலால் மெல்ல ஒதுக்கியது.